பேய் வீடும் வீடுபேறும்: குடும்பச் சுற்றுலா குறித்துச் சில குறிப்புகள்

நம் சிற்றிதழ்ப் பக்கங்களில் பேய்க்குக் குறைவில்லை. கவிதையில் வரும், சிறுகதையில் வரும், கோட்பாட்டுக் கட்டுரையில் மேற்கோளாகவும் வரும். ஆனால் பேய் பார்ப்பதற்கென்று குடும்பத்தோடு வேன் பிடித்துப் போகிற ஒரு பெருங்கூட்டம் இருக்கிறதே, அதைக் குறித்து நாம் பேசியது குறைவு. அது வெறும் கேளிக்கை, நடுத்தர வர்க்கத்துப் பொழுதுபோக்கு, அதில் ஆராய என்ன கிடக்கிறது என்கிற மெத்தனம் காரணமாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்குத் தொப்பி வாங்கிக் கொடுத்து, ஒரு பழைய அரண்மனைக்கோ பாழடைந்த பங்களாவுக்கோ போய் ஒரு பகலைக் கழித்துவிட்டுத் திரும்புகிற இந்தச் செயலில் வரலாறும் பயமும் ஒரே நுழைவுச்சீட்டில் விற்கப்படுகின்றன. ராஜா படுத்த கட்டில் இது என்று காட்டுகிற அதே விரல்தான் அந்த இருட்டு அறையில் ஒருத்தி நடமாடுகிறாள் என்றும் காட்டுகிறது. இந்த இரண்டு கதையாடல்களும் ஒன்றையொன்று எப்படித் தாங்கிக்கொள்கின்றன, எதை மறைக்கின்றன என்பதே இங்கே என் கேள்வி. இன்னும் நேரடியாகக் கேட்டால்: நமக்குக் காட்டப்படுவது யாருடைய பேய்?

எங்கள் ஊரான புளியறையிலிருந்தே தொடங்குகிறேன். செங்கோட்டையைத் தாண்டி, எஸ் வளைவில் லாரிகள் மூச்சுவாங்கி ஏறி, ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கேரளத்துக்குள் நுழைகிற இடத்தில் இருக்கிறது ஊர். சோதனைச் சாவடிதான் எங்கள் ஊருக்கு வெளியூர்க்காரர்கள் அறிந்த அடையாளம். இந்த எல்லைக்கு வயது அதிகமில்லை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சிக்குள் இருந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினையில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு வந்தன. மனிதர்கள் வந்தார்கள், வயல்கள் வந்தன, சில வீடுகள் மட்டும் வரவில்லை. கல்குளம் தாலுகாவில், தக்கலைக்கு அருகே இருக்கிற பத்மநாபபுரம் அரண்மனை மண்ணால் தமிழ்நாடு, நிர்வாகத்தால் கேரள அரசின் தொல்லியல் துறை. குற்றாலத்தில் திருவிதாங்கூர் ராஜாக்கள் சீசனுக்கு வந்து தங்கிய அரண்மனையும் அப்படியே கேரளத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது. அருவிக்குப் போகிற கூட்டம் அதன் மதில் ஓரமாக நடந்துபோகும். அது யார் வீடு என்று கேட்டால் பாதிப்பேருக்குத் தெரியாது.

ஆகவே எங்கள் பக்கத்து ஆட்கள் பத்மநாபபுரம் போவதென்பது வேற்று மாநிலத்து அரண்மனையைப் பார்ப்பதும் இல்லை, சொந்த அரண்மனையைப் பார்ப்பதும் இல்லை. பழைய எசமானின் வீட்டை அவன் இல்லாதபோது போய்ப் பார்ப்பது.

அந்த வீடு குறித்துப் பொதுவாகச் சொல்லப்படுகிற தகவல்கள் தெரிந்தவைதான். 1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் தொடங்கப்பட்டது. மார்த்தாண்டவர்மா 18-ஆம் நூற்றாண்டில் விரித்துக் கட்டினார். நாட்டையே பத்மநாபசுவாமிக்கு அடிமை எழுதிக்கொடுத்த 1750-ஐ ஒட்டி கல்குளம் என்ற பெயர் மறைந்து பத்மநாபபுரமானது. 1795-ல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. பூமுகம், மந்திரசாலை, தாய்க்கொட்டாரம், உப்பரிகை மாளிகை, நவராத்திரி மண்டபம், தெக்கே கொட்டாரம் என்று அறை அறையாக இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வரும். தேக்கும் பலாவும் செதுக்கிய தச்சனின் கையைச் சும்மா சொல்லக்கூடாது. முகம் தெரிகிற அந்தக் கறுப்புத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறபோது உள்ளங்காலில் ஏறுகிற குளிர்ச்சி வேறெந்தக் கட்டடத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் பிள்ளைகள் அங்கே தேடுவது தச்சனை இல்லை. இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் பள்ளி விடுமுறையில் நாங்கள் பதினேழு பேர் ஒரு வேனில் போனோம். உள்ளே கால் வைத்ததிலிருந்து என் தங்கை மகனுக்கு ஒரே கேள்விதான்: "மாமா, அந்தம்மா எந்த ரூம்ல ஆடுச்சு?" மூத்த பையன் திருத்தினான்: "ஜோதிகா இங்க ஆடலடே, அது ஷோபனா. மலையாளப் படம்." அதற்கப்புறம் கும்பல் முழுக்க நாகவல்லியின் அறையைத்தான் தேடியது. பூட்டியிருந்த ஒவ்வொரு கதவிலும் பிள்ளைகள் காதை வைத்துப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, யோசனையாகவும் இருந்தது.

பாசில் இயக்கி, மது முட்டம் எழுதிய 'மணிச்சித்திரத்தாழ்' 1993-ல் வந்தது. திருப்பூணித்துறை ஹில் பேலஸிலும் பத்மநாபபுரத்திலும் படம் பிடித்தார்கள். கதையில் வருகிற மாடம்பள்ளி தறவாடு கற்பனை. அங்கே தெக்கினியில் பூட்டிவைக்கப்பட்டிருக்கிற நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து காரணவர் கொண்டுவந்த நாட்டியக்காரி. அவள் தமிழ் பேசுகிறாள். 2004-ல் அது கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வானது, 2005-ல் தமிழில் 'சந்திரமுகி'யானது; இரண்டையும் எடுத்தவர் பி. வாசு. இந்த இரண்டிலும் நாட்டியக்காரி தெலுங்கு பேசுகிறாள், தெலுங்கில் பாடுகிறாள். 2007-ல் இந்திக்குப் போனபோது மஞ்சுளிகா என்று பெயர் மாறி வங்காளம் பேசினாள். கதை மாறவில்லை, வீடு மாறவில்லை, கொலை மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்று: பேய் எப்போதும் பக்கத்துப் பாஷைக்காரி. மலையாளிக்குத் தமிழச்சி, தமிழனுக்குத் தெலுங்குக்காரி, இந்திக்காரனுக்கு வங்காளி. எந்த ஊர்ப் பார்வையாளனுக்கும் அவள் நம் வீட்டுப் பெண்ணாக இருந்துவிடக்கூடாது என்பதில் நான்கு படங்களுக்கும் அப்படியொரு கவனம்.

இதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். வணிக சினிமா கவர்ச்சிக்காக அந்நிய வாடையைத் தேடும் என்றும் சொல்லலாம். ஆனால் எல்லையோரத்து ஊர்க்காரனுக்கு இது இன்னொரு விதமாகவும் படும். கொல்லப்பட்டவள் வெளியாள் என்றாகிவிட்டால் அந்தக் கொலைக்கு ஊரில் பதில் சொல்ல ஆளில்லை. அவளுக்கு அண்ணன் தம்பி இல்லை, கேட்க வருகிற சாதிசனம் இல்லை, பங்கு கேட்கிற பிள்ளை இல்லை. அவளிடம் பயம் மட்டும்தான் மிச்சம். பயமோ விற்கக்கூடிய சரக்கு.

படத்தின் முடிவை நினைத்துப் பாருங்கள். நாகவல்லிக்குப் பழி தீர்க்க ஒரு ஏற்பாடு நடக்கிறது. பலகை சுழல்கிறது, ஆள் இருந்த இடத்தில் பொம்மை வந்துவிடுகிறது, அவள் பொம்மையைத் தீர்த்துவிட்டு அடங்குகிறாள். கணவனுக்கு மனைவி திரும்பக் கிடைக்கிறாள், குடும்பத்துக்கு வீடு திரும்பக் கிடைக்கிறது. மனநல மருத்துவமும் மாந்திரீகமும் கைகோத்துச் செய்கிற இந்தக் காரியத்தில் செத்தவளுக்குக் கிடைத்தது என்ன? ஒரு பொம்மை. கொலைசெய்த காரணவரின் வாரிசுகளுக்கு ஒரு காசு செலவில்லை. சந்திரமுகியைத் தியேட்டரில் பார்த்தபோது இது எனக்கு உறைக்கவில்லை. நானும் 'லகலகலக'வுக்குக் கைதட்டியவன்தான். கொடைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபின் உறைத்தது. அதற்கு வருகிறேன்.

அதற்குமுன் ஒரு சொல். தமிழில் 'வீடு' என்றால் வசிக்கிற இடம். வீடு என்றால் விடுதலையும்தான். அறம், பொருள், இன்பம், வீடு என்று அடுக்குகிறோமே, அந்த வீடு. விடு என்ற வினையிலிருந்து நீண்டு வந்த பெயர். அப்படியானால் பேய் என்பது வீடு கிடைக்காத உயிர். வீடு கிடைக்காததனால் வீட்டிலேயே கிடக்கிறது. 'பேய் வீடு' என்கிற தொடரை இப்படி வாசித்தால் அது முரண்தொடராகிவிடுகிறது. ஃபிராய்ட் 1919-ல் எழுதிய கட்டுரை ஒன்றில், நன்கு பழகிய வீட்டுத்தன்மையும் அச்சமூட்டும் அந்நியத்தன்மையும் ஜெர்மன் மொழியில் ஒரே சொல்லில் போய் முட்டிக்கொள்வதைக் காட்டினார். 'மார்க்ஸின் ஆவிகள்' என்ற நூலில் தெரிதா, ஆவி என்பது கடந்துபோனதன் மிச்சமல்ல, தீர்க்கப்படாத நீதியின் கோரிக்கை என்கிற தொனியில் பேசினார். அதுவும் 1993-ல்தான் வந்தது. நாகவல்லியும் தெரிதாவின் ஆவிகளும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். பாரிசிலிருந்து வந்த இந்த யோசனையைத் திருநெல்வேலி ஜில்லாவில் எந்தக் கோமரத்தாடியிடம் சொன்னாலும், "இது தெரியாமலா வருஷா வருஷம் கொடை குடுக்கோம்?" என்றுதான் கேட்பார்.

தெற்கத்திச் சிறுதெய்வங்களில் பெரும்பகுதி செத்தவர்கள். வயதாகிப் படுக்கையில் செத்தவர்கள் இல்லை. வெட்டுப்பட்டும், வஞ்சிக்கப்பட்டும், தீயில் இறங்கியும் செத்தவர்கள். அவர்களுடைய கதைகளை வில்லுப்பாட்டாகப் பாடுவதுதான் கொடையின் உயிர். பாட்டில் கொலை நடக்கிற கட்டம் வருகிறபோது தாளம் ஏறும், அங்கேதான் சாமி இறங்கும். கவனியுங்கள், வெற்றியின் கட்டத்தில் இறங்குவதில்லை, சாகிற கட்டத்தில் இறங்குகிறது. கதையில் ஊர்ப்பெயர் உண்டு, கொன்றவன் பெயர் உண்டு, என்ன காரணத்துக்காகக் கொன்றான் என்பது உண்டு. எல்லாவற்றையும் விட, என்ன கொடுத்தால் அடங்கும் என்ற கணக்கு உண்டு. ஆக, கொடையில் பேய் கடன்காரனைத் தேடி வருகிற கடன் கொடுத்தவன். சுற்றுலாவின் பேய்க்கு இந்த உரிமை எதுவும் இல்லை.

பாபநாசம் மலைமேல், காரையாற்றில் சொரிமுத்தய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு ஜனங்கள் குடும்பம் குடும்பமாகச் சட்டிபானை, அரிசி, பிள்ளைகுட்டியோடு போய் ஆற்றோரம் குடில் போட்டுத் தங்குவார்கள். எங்கள் சிறுவயதில் குடும்பச் சுற்றுலா என்றால் அதுதான். குளியலும் சமையலும் சண்டையும் சம்பந்தம் பேசுவதும் எல்லாம் அங்கே நடக்கும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருவதால் தங்குகிற நாட்களுக்கும் வண்டிகளுக்கும் இப்போது கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. அங்கே பட்டவராயன் சன்னிதியில் செருப்பு காணிக்கையாக வைப்பார்கள். பட்டவராயன் என்கிற முத்துப்பட்டன் பிராமணன். வாலப்பகடையின் மக்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் கட்டுவதற்காகப் பூணூலை அறுத்துச் செருப்புத் தைத்தவன். மாடு கவர வந்தவர்களோடு மோதிச் செத்தான். பெண்கள் இருவரும் தீயில் இறங்கினார்கள். பிள்ளைகள் அந்தச் செருப்பைப் பார்த்து "இது எதுக்கு?" என்று கேட்கும்போது சாதியைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. ஒரு குடும்ப உல்லாசப் பயணத்தின் நட்டநடுவில் அந்தக் கேள்வி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம்.

கொடையை நான் பொன்னாக்கிக் காட்டவில்லை. அதற்குள்ளும் சமரசம் உண்டு, துடைத்தெடுப்பு உண்டு. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தான் என்று பாட்டில் ஒரு பகுதி உண்டு. முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை இது பின்னால் ஏற்றப்பட்டது என்று வாதிட்டார். சாதி மாறிக் கட்டியதன் கூர்மையைத் தாங்க முடியாத யாரோ செய்த வேலை. செத்தவனைச் சாமியாக்கிவிட்டால் கொன்றவன் நிம்மதியாக நிலத்தை உழலாம் என்கிற ஏற்பாடும் இதற்குள் இருக்கத்தான் செய்கிறது. நீலியைப் பாருங்கள். பழையனூரில் புருஷன் கையால் செத்து, மறுபடி வந்து பழிதீர்த்தவள். நாகர்கோவில் பக்கம் கள்ளியங்காட்டு நீலியாகவும் இருக்கிறாள். அவள் அழுதது நியாயமான அழுகை. மொழியோ அதை 'நீலிக் கண்ணீர்' என்று பொய்யழுகைக்குப் பெயராக்கிவிட்டது. மொழியும் கொலைக்குச் சாட்சி சொல்லாமல் நழுவும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

பகுத்தறிவு இயக்கத் தோழர்கள் இந்த இடத்தில் எழுந்து, "பேயே இல்லை என்கிறோம், நீங்கள் நல்ல பேய் கெட்ட பேய் என்று தரம் பிரிக்கிறீரே" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பேய் உண்டா இல்லையா என்பது என் விவாதமே இல்லை. கொலை உண்டு. அதைப் பற்றிப் பேசுவதற்கு எந்த வடிவம் இடம் கொடுக்கிறது, எந்த வடிவம் வாயை அடைக்கிறது என்பதுதான் விவாதம்.

இப்போது அரண்மனைக்குத் திரும்பலாம். கற்பனை நாகவல்லியைத் தேடுகிற அந்த வீட்டுக்கு நிஜமான செத்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். மார்த்தாண்டவர்மாவுக்கு முன் ஆண்ட ராமவர்மாவின் மக்கள் இரண்டு தம்பிமார். மருமக்கள்வழியில் மகனுக்குப் பட்டமில்லை. பட்டம் கேட்டுப் பகைத்தவர்கள் என்று அவர்களை மார்த்தாண்டவர்மா கொன்று தீர்த்தார். எட்டுவீட்டுப் பிள்ளைமாரும் கொல்லப்பட்டார்கள். மலையாளத்தில் சி.வி. ராமன் பிள்ளை 1891-ல் வெளியிட்ட 'மார்த்தாண்டவர்மா' நாவலில் தம்பிமார் வில்லன்கள். தமிழில் வில்லுப்பாட்டாகப் பாடப்படுகிற தம்பிமார் கதையில் அவர்கள் நியாயம் உள்ளவர்கள். தங்கை கொச்சுமணியை மன்னன் விரும்பியதிலிருந்து வருகிறது பகை. ஒரே பிணம், இரண்டு மொழிகளில் இரண்டு தீர்ப்பு. இந்த எல்லையில் பேய்க்கு மொழி மாறுகிற கதை சினிமாவுக்கு ரொம்ப முந்தியது என்பது இதில் தெரிகிறது.

நட்டாலத்து நீலகண்ட பிள்ளை அந்த அரண்மனையில் அதிகாரியாக இருந்தவர். கிறிஸ்தவராகி தேவசகாயம் ஆனார். 1749-ல் பிடிக்கப்பட்டு, 1752-ல் ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். தண்டனைக்குக் காரணம் மதமா அரசாங்கக் குற்றமா என்று வரலாற்றாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். 2022 மே 15-ல் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. கொலைப்பட்டவர் தெய்வமாகிற தெற்கத்தி வழக்கம் ரோமாபுரி வழியாகவும் நிறைவேறியிருக்கிறது என்று இதை வாசிக்கலாம். காற்றாடிமலைக்கும் குடும்பம் குடும்பமாகத்தான் போகிறார்கள். அங்கே போகிறவர்களுக்குக் கொல்லப்பட்டவரின் பெயர் தெரியும்.

அரண்மனை வளாகத்து அருங்காட்சியகத்தில் ஒரு இரும்புக்கூடு இருக்கிறது. மனித உடம்பின் அளவுக்கு, உடம்பின் வடிவத்துக்கே வளைத்துச் செய்தது. சித்திரவதைக் கூடு. தண்டிக்கப்பட்டவனை அதற்குள் அடைத்துத் தொங்கவிட்டுவிடுவார்கள். மற்றதை வெயிலும் பறவைகளும் பார்த்துக்கொள்ளும். எங்கள் கும்பலில் பிள்ளைகள் அதைப் பார்த்து நாக்கைத் துருத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். என் பெரியம்மை மட்டும் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஏல, இதுல கெடந்து செத்தவனுக்குப் பேரு உண்டா?"

"தெரியாது பெரியம்மை. அந்தக் காலத்துல..."

"அந்தக் காலம்னா என்ன? அவனுக்கு எங்கயாவது பீடம் கீடம் இருக்கா, ஒரு தேங்கா ஒடைக்கவாது?"

அவளுக்குக் கூடு பழம்பொருளாகத் தெரியவில்லை, தீராத பாக்கியாகத் தெரிந்தது. நாகவல்லிக்குப் பயந்து பூட்டிய கதவில் காதை வைத்த பிள்ளைகள் இந்தக் கூட்டுக்குப் பயப்படவில்லை. அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. கூட்டுக்கு யாரும் கதை சொல்லித்தரவில்லை.

ஊட்டுப்புரையும் அப்படித்தான். கீழே ஆயிரம், மேலே ஆயிரம் என்று ஒரே நேரத்தில் 2000 பேர் சாப்பிடக்கூடிய மண்டபம் என்பார்கள். ஜாடிகளையும் அந்த நீளத்தையும் பார்த்து "ராஜா ஏழைகளுக்குச் சோறு போட்டிருக்கார்" என்று பார்வையாளர்கள் தமக்குள் பேசிக்கொள்வதைக் கேட்கலாம். திருவிதாங்கூரின் ஊட்டுப்புரைகள் பிராமணர்களுக்கானவை. 1855 வரை அடிமை முறை சட்டப்படி செல்லுபடியான நாடு அது. நாடார் பெண்கள் மேலாடைக்காக அடிபட்டு, 1859-ல்தான் அரசாணை பெற்றார்கள். அந்தக் கலகங்கள் நடந்த ஊர்கள் பல இந்தக் கல்குளம், விளவங்கோடு பக்கம்தான். 'இலவசச் சோறு' என்கிற ஒரு சொல்லில் இத்தனையும் கரைந்துவிடுகிறது. பேய்க்கதை இருட்டறையில் என்ன வேலை செய்கிறதோ, அதையே வெளிச்சமான அறையில் தர்மக்கதை செய்கிறது.

இது நம்மூர்ச் சமாச்சாரம் மட்டுமில்லை. அமெரிக்காவில் லூசியானாவில் மிர்ட்டில்ஸ் என்றொரு பழைய தோட்டப் பண்ணைவீடு. காது அறுக்கப்பட்டுப் பச்சைத் தலைப்பாகை கட்டிய 'குளோயி' என்ற அடிமைப்பெண் எசமானியையும் குழந்தைகளையும் கேக்கில் விஷம் வைத்துக் கொன்றாள், அவள் பேயாக உலவுகிறாள் என்பது அந்த வீட்டின் புகழ். ஆவணங்களைத் துழாவியவர்கள் அந்தக் குடும்பத்தில் குளோயி என்ற பெயரில் அடிமை இருந்ததற்குத் தடயமே இல்லை என்கிறார்கள்; எசமானி 1823-ல் மஞ்சள் காய்ச்சலில் செத்தவள். அந்தப் பண்ணையில் நிஜமாகவே அடிமைப்பட்டுச் செத்தவர்களுக்குக் கதை இல்லை, இல்லாத ஒருத்திக்குக் கதை இருக்கிறது, அதிலும் அவளே கொலைகாரி. டையா மைல்ஸ் என்ற வரலாற்றாசிரியர் இத்தகைய பேய்ச் சுற்றுலாக்களைப் பற்றி 2015-ல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் பிரபுக்களின் மாளிகைகளைப் பராமரிக்கிற நேஷனல் டிரஸ்ட் 2020-ல் தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்கு அடிமை வணிகத்தோடும் காலனியத்தோடும் இருந்த தொடர்பை அறிக்கையாக வெளியிட்டது. பத்திரிகைகளிலும் பாராளுமன்றத்திலும் ஒரே கூச்சல்: குடும்பத்தோடு நிம்மதியாகப் போகிற இடத்தில் எதற்கு இந்த அரசியல் என்று. அந்த நாட்டின் மாளிகைகளில் தலையில்லாத ராணி உலவினால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. சர்க்கரைத் தோட்டத்துக் கணக்குப்புத்தகம் உலவத் தொடங்கியதும்தான் நிம்மதி போயிற்று.

தனுஷ்கோடிக்கு வாருங்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பாம்பனிலிருந்து போன ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது, ஊர் அழிந்தது, வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. இன்று இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிற குடும்பங்களுக்கு அது 'பேய் நகரம்' என்று அறிமுகமாகிறது. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை போட்டபின் கூட்டம் அதிகம். அங்கே இப்போதும் மீனவக் குடும்பங்கள் வசிக்கின்றன. குடிசை உண்டு, பிள்ளைகள் உண்டு, கிளிஞ்சல் விற்கிற பெண்கள் உண்டு. பேய் நகரம் என்ற ஒரு சொல் செத்தவர்களை மட்டுமா, உயிரோடு இருப்பவர்களையும் சேர்த்துப் பேயாக்கிவிடுகிறது. பேய்க்கு எதற்குக் குடிநீர்க் குழாய்?

இவ்வளவும் சொன்னதால் குடும்பங்கள் அரண்மனைக்குப் போகக்கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அறிவுஜீவிகளுக்கு வேன் கூட்டத்தைக் கண்டால் ஒரு இளக்காரம் உண்டு. சமோசாப் பொட்டலத்தோடு வரலாற்றைப் பார்க்க வருகிறார்களே என்று. கோயிலைச் சுற்றிய தெருவில் இன்னின்னார் நடக்கக்கூடாது என்று பலகை வைத்திருந்த சமஸ்தானம் அது. அதை எதிர்த்து 1924-ல் வைக்கத்தில் போராட வேண்டியிருந்தது, பெரியார் சிறைக்குப் போக வேண்டியிருந்தது. ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936-ல்தான் வந்தது. அந்த ராஜவம்சத்தின் படுக்கையறைக்குள், தாய்க்கொட்டாரத்துக்குள், எந்தச் சாதியும் கேட்கப்படாமல் ஒரு சீட்டைக் கிழித்துக்கொண்டு நம் பெரியம்மைகள் நுழைகிறார்கள் என்பது லேசான காரியமில்லை. அந்தக் கூட்டத்தின் இரைச்சலில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. உப்பரிகை மாளிகையில் பலவகை மூலிகை மரங்களை இழைத்துச் செய்த கட்டில் என்று சொல்லப்படுவதைப் பார்த்து, எங்கள் மதினி ஒருத்தி, "இவ்வளவு மருந்துல படுத்தும் ஒருத்தனும் மிஞ்சலையே" என்றாள். எந்தக் கோட்பாட்டு நூலிலும் நான் படிக்காத அரண்மனை விமர்சனம் அது.

உள்ளே நுழைகிற உரிமை கிடைத்துவிட்டது. நுழைந்தபின் என்ன கதை கேட்கக் கிடைக்கிறது என்பதில்தான் சிக்கல். கொடைக்கு வந்தவன் கதையில் பங்காளி. அவன் வரி கொடுத்திருக்கிறான், பாட்டில் தவறு வந்தால் புலவரை நிறுத்திக் கேட்பான். சீட்டு வாங்கியவன் பார்வையாளன். அவனுக்குக் காட்டுவார்கள், அவன் பார்ப்பான். எழுதுகிறவர்களும் இயக்கங்களில் இருப்பவர்களும் இந்த இடத்தில் தலையிட முடியும் என்று நினைக்கிறேன். தம்பிமார் கதையைப் பாடத் தெரிந்த வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் குமரி மாவட்டத்தில் இருக்கும்போதே, அந்த அரண்மனை முற்றத்தில் ஒரு மாலை அதைப் பாடவைக்கக் கேட்டு இரண்டு மாநில அரசுகளுக்கும் எழுதலாம். ஊட்டுப்புரைக்கு வெளியே யார் உண்டார்கள், யார் சமைத்த விறகைச் சுமந்தார்கள் என்று நான்கு வரிப் பலகை ஒன்று, மூன்று மொழிகளில். கூட்டுக்குப் பக்கத்தில் ஒன்று. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை அழைத்துப் போகிற வாத்தியார்கள் அதற்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். வேனில் போகிற நான்கு மணிநேரம் கதை சொல்லப் போதும்.

குற்றாலத்து அரண்மனையில் இன்னும் யாரும் பேய் வைக்கவில்லை. அந்த மதிலை ஒட்டிச் சீசனுக்கு வருகிற வேன்கள் வரிசையாக நிற்கும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறவர்களில் எங்கள் ஊர் ஆட்களும் இருப்பார்கள். 1956-க்கு முன்னால் இந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து அந்த வீட்டுக்கு யார் யார் என்னென்ன சுமந்துபோனார்கள் என்பதைச் சொல்லக்கூடிய கிழவர்களும் கிழவிகளும் புளியறையிலும் செங்கோட்டையிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான் மிச்சம். இந்தச் சாரல் முடிவதற்குள் அவர்களிடம் ஒரு நோட்டுப்புத்தகத்தோடு போய் உட்கார வேண்டும். கூட வர விருப்பமுள்ளவர்கள் எழுதுங்கள்.